குடத்துப் பாலும் டிரம்முப் பாலும்

எதை வாயில் வைத்தாலும் முதல் மடக்கைக் கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார் அந்த அம்மாள். டீயானாலும் சரி, கஞ்சியானாலும் சரி, டாக்டரம்மா வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு வந்த திராட்சை ரசமானாலும் சரி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஏன் இப்படி என்று கேட்டுவிட்டேன்.

"கண்ணு பொய் சொல்லும் நர்ஸம்மா. நாக்கு அத்த நம்பிக்கினு கூடவே பொய் சொல்லும். கண்ண மூடிட்டா நாக்கு தனியா மாட்டிக்கும். நெசத்தச் சொல்லித்தான் ஆவணும்" என்றார்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ராயபுரத்தில் ரயில் லைனை ஒட்டி, ஓடு போட்ட ஒரு வாடகை வீட்டில் தாய் சேய் நல நிலையம் நடந்தது. நான் திருநெல்வேலிப் பக்கம் பயிற்சி முடித்துவிட்டு வந்த நர்ஸ், வயது இருபத்து மூன்று. அவர் அங்கே ஆயா. நாற்பத்தைந்து இருக்கும். பெருக்குவது, துணி அலசுவது, எடை போடும்போது துள்ளுகிற குழந்தையைப் பிடித்துக்கொள்வது, காலையில் வருகிற தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் பால் கரைத்துக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்கும் பெயர் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை ரிஜிஸ்டரில் ரேகை வைக்கும்போது மட்டும் அதை யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள். மற்ற நாளெல்லாம் எல்லோருக்கும் ஆயா. நான் மட்டும் அக்கா என்பேன். இங்கேயும் ஆயா என்றே எழுதுகிறேன்.

நல்ல உயரம். பல வருஷம் தலையில் குடம் சுமந்த கழுத்து. எந்தப் பக்கம் திரும்பினாலும் உடம்போடு சேர்ந்துதான் திரும்பும். பேச்சில் 'இருக்கலாம்', 'என்னவோ' என்ற சொற்களே கிடையாது. காய்ச்சல் இறங்குமா என்று ஒரு தாய் கேட்டால் "எறங்கும்" என்பார். மழை வருமா என்றால் "வராது" என்பார். வந்துவிட்டால், "வந்துட்சி" என்று அதே குரலில் சொல்லிவிட்டுத் துணிகளை எடுக்கப் போவார். 'தெரியல' என்று அவர் சொல்லி நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அதற்கு வருகிறேன்.

ஒருமுறை கோட்டும் டையும் போட்ட மேலதிகாரி ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். நான் எழுந்து நின்றேன். ஆயா ஒரு கைக்குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தார். "சார், சித்த இத்தப் புடி" என்று ஈரக் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்வரை அதிகாரி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கோட்டு நனைந்துவிட்டது. பிறகு நான் பதறியபோது ஆயா சொன்னார்: "நல்லாத்தான் புடிச்சாரு. நாலு புள்ள பெத்தவரு."

யுத்தத்துக்கு முன்னால் தண்டையார்பேட்டையில் அவருக்கு இரண்டு எருமைகள் இருந்தன. புருஷன் சின்ன வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். எருமைகள்தான் பிழைப்பு. தலையில் பித்தளைக் குடம், பால் தளும்பாமல் இருக்க அதன் வாயில் ஒரு பிடி வைக்கோல், கையில் அளக்கிற படி. துறைமுக ஆபீசர்கள் குடியிருந்த பங்களாக்கள் வரைக்கும் போய் ஊற்றுவார். அங்கே ஒரு துரைசானி, குடத்துப் பால் சுத்தமில்லை, பாட்டிலில் அடைத்து வருகிற டெய்ரிப் பால்தான் வேண்டும் என்று திடீரென்று நிறுத்திவிட்டாளாம். ஆயா பழைய பாட்டில் கடைக்குப் போய் நாலு கண்ணாடி பாட்டில் வாங்கி வந்தார். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, பாலை நிரப்பி, வாயை வெள்ளைத் தாளால் மூடி, சிவப்பு நூல் சுற்றி, அந்த வீட்டு பட்லரிடம் கொடுத்தார். டெய்ரிப் பால் என்று அவர் சொல்லவில்லை. பட்லரும் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து துரைசானி பக்கத்து பங்களாக்காரியிடம், இந்தப் பாலில் மாட்டு வாடையே இல்லை, நீ இன்னும் அந்தக் குடத்துப் பாலையா வாங்குகிறாய் என்று கேட்டாளாம். பட்லர் இதைத் தமிழில் வந்து சொல்லியிருக்கிறார்.

"ரெண்டு வூட்டுக்கும் அதே எருமைங்க, அதே மடி. எந்தப் பாலு பாட்டிலுக்குப் போவுது, எந்தப் பாலு கொடத்துக்குப் போவுதுன்னு கறந்த எனக்கே தெரியாது. அந்தம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிட்சி" என்று சொல்லிவிட்டு ஆயா சிரிப்பார். இந்தக் கதையை எனக்குக் குறைந்தது பத்து தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு நூல் வரும் இடத்தில் இரண்டு விரலைச் சுற்றிக் காட்டுவார்.

குண்டு விழப்போகிறது என்று பட்டணம் காலியானபோது எருமைகளை ஓட்டிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போனார். ஒன்று வழியில் விழுந்தது. மற்றதை அங்கேயே விற்றுச் சாப்பிட வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது கையில் குடம் மட்டும் இருந்தது.

நிலையத்தில் நாங்கள் கொடுத்தது கறந்த பால் அல்ல. வெளிநாட்டிலிருந்து கப்பலில் தருமத்துக்கு வந்த பவுடர். இடுப்பு உயரத்துக்கு ஒரு அட்டை டிரம், தகர மூடி, பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் இங்கிலீஷ். கொழுப்பை எடுத்துவிட்ட பவுடராதலால் கரைத்தால் லேசாக நீலம் பாய்ந்து இருக்கும், ஆடை கட்டாது. குப்பத்துப் பெண்கள் அந்த டிரம்மைப் பார்த்த நாளிலிருந்து அதை நம்பவில்லை. சோப்பு வாசம் அடிக்கிறது என்றாள் ஒருத்தி. குதிரைப் பால் என்றாள் இன்னொருத்தி. எலும்பை அரைத்து அனுப்புகிறான் என்று மூன்றாமவள் சொன்னதுதான் நிலைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்க் கால்வாயில் ஊற்றிவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு எங்கள் தெருக் கால்வாய் வெள்ளையாக ஓடும்.

நான் படம் போட்ட அட்டையைச் சுவரில் மாட்டிப் புரோட்டீன் பற்றிப் பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கால்வாய் அப்படியேதான் ஓடியது.

அப்போதுதான் காசிமேட்டிலிருந்து தனம் வந்தாள். புருஷன் துறைமுகத்தில் நிலக்கரி சுமப்பவன். இரண்டு வயதுப் பெண் குழந்தை ராணியை இடுப்பிலிருந்து இறக்கி என் மேஜைமேல் உட்காரவைத்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. தலைமுடி செம்பட்டையாகி, கையோடு வந்தது. ஊசி போட்டபோதுகூடக் குழந்தை அழவில்லை. அதுதான் என்னை மிகவும் பயமுறுத்தியது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதற்கு மருந்து அந்த டிரம்மில் இருக்கிறது. கொடுக்காவிட்டால் இரண்டு மாதம் தாங்காது" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்.

தனம் டிரம்மைப் பார்த்தாள். "எலும்புப் பாலு என் கொயந்தைக்கு வேணா நர்ஸம்மா. வேற இன்னா வேணா குடு" என்றாள். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது முன் கூடத்தில் டிரம் இல்லை. மேஜைமேல் புளி போட்டுத் தேய்த்த பித்தளைக் குடம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன் வாயில் முறுக்கிச் செருகிய ஒரு பிடி புது வைக்கோல். டிரம் பின் அறையில் சாக்குக்கு அடியில் இருந்தது.

"அக்கா, இது என்ன பால்?"

"அதே டிரம்மு பாலுதான். வூடு மாத்திக்கினு கீது."

"இது பொய்யில்லையா?"

"நான் இன்னா சொன்னேன்? ஒண்ணும் சொல்லல. கொடம் சொல்லுது."

பெண்கள் வந்தார்கள். ஆயா வைக்கோலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கை உயரத்திலிருந்து நுரை பொங்க ஆற்றி ஊற்றினார். முதலில் வாங்கியவள் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தாள். "இப்பத்தான் பாலு மாதிரி கீது" என்றாள். சோப்பு வாசம் சொன்னவளே இரண்டாவது டம்ளர் கேட்டாள். தனம் ராணியின் வாயில் டம்ளரை வைத்தாள். குழந்தை மெதுவாக, பாதியை மேலெல்லாம் வழியவிட்டுக் குடித்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எடை அட்டையில் எண்களை எழுதினேன். மூன்றாவது வாரம் ராணியின் காலை அழுத்தினால் குழி விழவில்லை. ஒருநாள் எடைத் தட்டில் படுக்கவைத்தபோது தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள். தனம் சமாதானப்படுத்தப் போனாள். ஆயா விடவில்லை. "அழுவட்டும். தெம்பு வந்துகினு கீது" என்றார்.

அந்த வாரமே குட்டு வெளிப்பட்டுவிட்டது. தண்ணீர் எடுக்கப் பின் அறைக்குப் போன ஒரு பெண் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். உள்ளங்கையில் வெள்ளைப் பவுடரை வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து எல்லோருக்கும் காட்டினாள். யாரும் கத்தவில்லை. தனம் ஆயாவைப் பார்த்தாள்.

"ஆயா, இது இன்னா?"

"அதான் இது" என்றார் ஆயா, குடத்தைக் காட்டி.

தனம் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் பின்னால் மற்றவர்களும் போனார்கள். அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் ஒருவரும் இல்லை. தடுப்பூசிக்குக்கூட வரவில்லை. எதில் என்ன கலந்திருக்கிறதோ என்று குப்பத்தில் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன்.

ஆயா கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து அப்போதுதான் பார்த்தேன். நாலு நாள் அப்படியே இருந்தார். "ராணிக்குக் கால் திரும்ப வீங்கும்" என்றேன். எனக்குக் கோபமும் இருந்தது. "தெரியும்" என்றார். ஐந்தாம் நாள் பத்து மணி வெயிலில், ஒரு டப்பாவில் பவுடரைப் போட்டு எடுத்துக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

தனத்தின் குடிசை வாசலில் நாலைந்து பெண்கள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ராணி தாயின் மடியில் கிடந்தாள். கால் மறுபடி மினுமினுக்கத் தொடங்கியிருந்தது.

ஆயா உட்காரவில்லை. "தனம், நான் வாயத் தொறந்து பொய் சொல்லல. ஆனா அது பொய்தான். கொயந்த குடிக்கணும்னு பண்ணேன். உன்னக் கேக்காத பண்ணது தப்பு" என்றார்.

"எங்களுக்கு நாக்கு இல்லன்னு நென்ச்சிக்கினியா?"

"ஒனக்கு மட்டுமில்ல. எல்லாரும் கண்ணாலதான் குடிக்கறாங்க. துரைசானியும் அப்டித்தான்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவரால் முடியாது. "நான் கண்ண மூடிக்கினு குடிப்பேன். என்ன மட்டும் ஏமாத்த முடியாது."

தனம் ராணியை என் கையில் கொடுத்துவிட்டு, ஆயாவிடமிருந்த பவுடர் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது பக்கத்து வீட்டுக்காரியின் காதில் ஏதோ சொன்னாள். அவள் தன் வீட்டிலிருந்து மூடிய செம்பு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிறிது நேரத்தில் தனம் இரண்டு கையிலும் பாலோடு வெளியே வந்தாள். ஒன்று பித்தளை டம்ளர். மற்றது, கப்பல் கழிவில் கிடைத்த, விளிம்பு நசுங்கிய பழைய பால் தகரம். அதன்மேல் பாதி கிழிந்த காகிதத்தில் இங்கிலீஷ் எழுத்துகள்.

"ஒண்ணுல மாட்டுப் பாலு, காலைல பால்காரன் ஊத்தனது. இன்னொண்ணுல ஒன் மாவு. எது எதுன்னு சொல்லு ஆயா."

பெண்கள் மீனை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள். ஆயா புடவைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். கண்ணை மூடி, பித்தளை டம்ளரிலிருந்து ஒரு மடக்கு. வாயில் வைத்திருந்து விழுங்கினார். பிறகு தகரத்திலிருந்து ஒரு மடக்கு. முகம் சுளித்தது. மறுபடி பித்தளை.

"இது மாடு" என்றார் பித்தளையைத் தூக்கி. "அது டிரம்மு. தகர வாசம் தொண்டைல நிக்குது."

தனம் சிரிக்கவில்லை. "மாத்திச் சொல்லிட்ட ஆயா" என்றாள்.

முதலில் மூலையில் நின்ற ஒரு கிழவிதான் சிரித்தாள். பிறகு எல்லோரும். ஆயா மட்டும் கண்ணைத் திறந்து இரண்டையும் மாறி மாறிக் குடித்துப் பார்த்தார். நாலு தடவை குடித்தார். கழுத்து முதல் தடவையாகக் குனிந்தது.

"தெரியல. எனக்கே தெரியல" என்றார்.

அதற்குப் பிறகு அந்த டம்ளரும் தகரமும் கைமாறிக் கைமாறிப் போயின. ஒவ்வொருத்தியும் ஒரு மடக்குக் குடித்து ஒரு கட்சி சேர்ந்தாள். பால்காரன் எவ்வளவு தண்ணீர் ஊற்றுகிறான் என்ற பேச்சு வந்தது. அவன் மானம் போயிற்று. தனமும் குடித்தாள். பித்தளையிலிருந்த மிச்சத்தை, அது எந்தப் பால் என்று தெரிந்தே, ராணியின் வாயில் விட்டாள்.

"நாளைக்கி வர்றேன்" என்றாள். "ஆனா டிரம்ம முன்னால வெய்யி. ஒளிக்காத. நானே கரைக்கறேன்."

திரும்பும்போது ரயில் கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தபோது கேட்டேன்: "அவர்களுக்காகத்தானே தப்பாகச் சொன்னீர்கள்?"

"சீ. தோக்கறதுக்கா இவ்ளோ தூரம் வெயில்ல வந்தேன்?" என்றார். பிறகு, "கண்ணத்தான் மூடிக்கினேன் நர்ஸம்மா. பித்தளை ஒதட்டுல பட்ட ஒடனே என் எருமை வந்து நின்னுட்சி" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. ரயில் போனதும் என்னை விட வேகமாக நடந்தார்.

மறுநாளிலிருந்து டிரம் முன் கூடத்தில், எழுத்துகள் தெரியும்படி நின்றது. தனம் கரைத்தாள். பிறகு முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு நாள் கரைத்தார்கள். முதல் டம்ளரை எல்லோருக்கும் முன்னால் ஆயா குடிப்பார், கண்ணைத் திறந்துகொண்டு. பழைய பழக்கத்தை அவர் விட்டது அந்த ஒரு விஷயத்தில்தான். ராணி ஆறு மாதத்தில் மேஜைக்கடியில் ஓடி ஒளிகிற அளவுக்குத் தேறினாள். முடி கறுப்பாக முளைத்தது.

மூன்று வருஷம் கழித்து என்னைத் திருவொற்றியூருக்கு மாற்றினார்கள். அதற்கடுத்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஆயா இறந்துபோனார். சொல்ல வந்தவள் தனம். அதற்குள் ராயபுரம் நிலையத்தில் அவள்தான் ஆயா. இருவரும் என் அறை வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அழுதோம். ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி நிலையத்துக்கு எருமை வந்த நாளுக்கே போய், இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அது நடந்தது நான் ராயபுரத்தில் இருந்த கடைசிக் கோடையில். கப்பல் வரவில்லை, டிரம் தீர்ந்துவிட்டது. டாக்டரம்மா யாரிடமோ பேசி, ஒரு எருமைக்காரரைப் பால் கொண்டுவந்து ஊற்ற ஏற்பாடு செய்தார். தண்ணீர் கலக்காத நல்ல பால். முதல் நாள் பெண்கள் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய்விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இன்னா ஆயா, மாட்டு வாசம் அடிக்குது."

"கொழகொழன்னு கீது."

"கொயந்தைக்கு டிரம்மு பாலுதான் ஒத்துக்கும். அத்தக் குடு." இதைச் சொன்னவள் தனம். எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னவளும் அவள்தான்.

அன்று பாதிப் பால் மிஞ்சிப்போயிற்று. பெண்கள் போனபின் நான் ஆயாவின் பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, காலி டிரம் இருக்கிறதே. நாளைக்குப் பாலை அதில் ஊற்றி, அதிலிருந்து மொண்டு கொடுத்தால் என்ன?"

ஆயா என்னைத் திரும்பிப் பார்த்தார். உடம்போடு சேர்த்துத்தான். "படிச்ச பொண்ணு நீ. நீயே சொல்ற" என்றார். "ஒரு தபா பண்ணிட்டேன். அது போதும்."

மறுநாள் காலை நிலையத்து வாசலில், விளக்குக் கம்பத்தில் ஒரு எருமை கட்டியிருந்தது. எருமைக்காரர் குந்தி உட்கார்ந்திருந்தார். நாற்பது பெண்களும் அத்தனை பிள்ளைகளும் சுற்றி நிற்க, ஆயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "கற" என்றார். பால் பாத்திரத்தில் விழுகிற சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. டாக்டரம்மாவின் கார் உள்ளே வர வழியில்லாமல் வெளியிலேயே நின்றது. அவர் இறங்கி, சாணியைத் தாண்டி, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். வாசலிலேயே அடுப்பு மூட்டி, எல்லோரும் பார்க்கப் பால் காய்ந்தது. முதலில் பிள்ளைகள் குடித்தார்கள். அவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பிறகு ஆயா ஒரு டம்ளரை ஊற்றித் தனத்தின் கையில் கொடுத்தார். "எங்கிருந்து வந்துச்சின்னு பாத்தல்ல? குடி."

தனம் குடித்தாள். மேலுதட்டைத் துடைத்தாள். "நல்லாத்தான் கீது. கெட்டியா, ருசியா கீது" என்றாள். எருமையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, அதன் மனம் புண்படக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஆனா ஆயா, அந்த டிரம்மு எப்ப வரும்?"

ஆயா எருமையின் முதுகில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.